ஆடி மாதத்துப் பாலன்குடில்

நீங்கள் வீடு வாடகைக்கு விடுகிறவர் என்றால், கதவடியில் வந்து நிற்கிற மனிதரிடம் என்ன கேட்பீர்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள். பெயரைக் கேட்பது போலச் சமயத்தைக் கேட்பீர்கள். ஊரைக் கேட்பது போலச் சாதியைக் கேட்பீர்கள். "எத்தனை பேர் இருக்கப் போறியள்?" என்ற கேள்விக்குள் "துணைக்கு ஆம்பிளை இல்லையோ?" என்பதைச் சுருட்டி வைத்திருப்பீர்கள். சமையலறையைக் காட்டும்போது மீன் சாப்பிடுவீர்களா என்பீர்கள். கடைசியாக, போகிற போக்கில், பூனை நாய் உண்டா என்பீர்கள்.

கொன்ஸ்ரன்ஸ் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னார். கத்தோலிக்கர். கொட்டாஞ்சேனை. தனி ஆள். மீன் சாப்பிடுவார். பூனை உண்டு. வெள்ளவத்தையில் பதினொரு வீட்டுக் கதவுகள் அவருக்கு மரியாதையாகச் சாத்தப்பட்டன. மரியாதையில் குறை சொல்ல முடியாது. இரண்டு வீட்டில் தேத்தண்ணீரும் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது வீட்டில் முதல் நான்கு கேள்விக்கும் உண்மை சொல்லி, ஐந்தாவதுக்கு மட்டும் பொய் சொன்னார். அந்த வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்ததால் மற்ற நான்கு குற்றங்களும் மன்னிக்கப்பட்டன.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரிக்கும் சிறிய ஏஜென்சி ஒன்றில் முப்பது வருடமாகக் கிளார்க். எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு ஏஜென்சி பம்பலப்பிட்டிக்கு வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் அவர் இருந்த வீட்டையும் இடித்து மாடி கட்ட எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ஒரு பெட்டி, ஒரு தையல் மெசின், ஒரு செம்மஞ்சள் கடுவன் பூனை ஆகியவற்றோடு வெள்ளவத்தைக்கு வந்தார். கடுவனின் பெயர் கஸ்டம்ஸ். வீட்டுக்குள் வரும் எந்தப் பையையும் திறந்து, மணந்து, கிளறிப் பார்க்காமல் விடாது என்பதால் அந்தப் பெயர்.

வீடு சமுத்திரா கோர்ட் என்ற கட்டடத்தின் மூன்றாம் மாடியில், கடற்கரைப் பக்கம். கீழே கடலோரத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போது அலுமாரிக் கண்ணாடி நடுங்கும். சொந்தக்காரி கௌரி இருப்பது மெல்பேர்ணில். அவருக்காக வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ஐந்தாம் மாடி சிவபாதசுந்தரம். ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், கட்டடச் சங்கத்தின் தலைவர், பிரின்ஸ் என்ற பொமரேனியன் நாயின் எசமான். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் வருவார். குழாய் ஒழுகுகிறதா, சுவரில் ஆணி அடித்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு அறையையும் போனில் படமெடுத்துக் கௌரிக்கு அனுப்புவார். பூனை இருப்பது தெரிந்தால் ஒரு மாத நோட்டீஸ். அதை அவர் முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டார்.

பதின்மூன்றாவது வீடு தேடுவதற்குக் கொன்ஸ்ரன்ஸிடம் தெம்பு இல்லை. ஆகவே ஒளிப்பது என்று முடிவெடுத்தார்.

பூனையை ஒளிப்பது சுலபம். மணி அடித்த சத்தத்துக்கே கஸ்டம்ஸ் அலுமாரிக்கு மேல் ஏறிப் பெட்டிக்குப் பின்னால் படுத்துவிடும். பிரச்சினை மண் தட்டு. பூனைக்கு ஒளியத் தெரியும், தட்டுக்குத் தெரியாது.

முதல் மாதம் தட்டைக் குளியலறை மூலையில் வைத்தார். வாடகை வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் நுழைவது குளியலறைக்குத்தான் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசி நொடியில் உடுப்புத் தோய்க்கும் பேசினைத் தூக்கிக் கவிழ்த்து, அதன்மேல் தானே உட்கார்ந்து, கால் கழுவுகிறவர் போல நடித்துத் தப்பினார்.

இரண்டாவது மாதம் தையல் மெசின். மிதிபலகைக்கும் சுவருக்கும் நடுவில் தட்டு; மேலே தரைவரை தொங்கும் மேசை விரிப்பு. அழகான வேலை. ஆனால் அன்று கஸ்டம்ஸுக்கு அவசரம்; மணிச் சத்தத்துக்கு முன்பே உள்ளே போய்விட்டது. சிவபாதசுந்தரம் கதிரையில் இருந்து தேத்தண்ணீரை ஊதிக்கொண்டிருக்கையில் மிதிபலகை அசைந்தது. மெசின் சில்லு மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.

"தங்கச்சி, உதென்ன தானாச் சுத்துது?"

"கடல்காத்து சேர்."

"யன்னல் பூட்டியெல்லோ கிடக்கு?"

"அதான் சேர். வெளிய போக வழியில்லாம உள்ளுக்கே சுத்துது."

வங்கியில் முப்பத்தைந்து வருடம் கடன் விண்ணப்பம் வாசித்த மனிதர் அதை ஏற்றுக்கொண்டு பிஸ்கட்டைத் தோய்த்துச் சாப்பிட்டார்.

மூன்றாவது, பூச்சாடி. இடுப்பளவு உயரமான பிளாஸ்டிக் சாடியின் பின்பக்கத்தில் ஓட்டை வெட்டி, உள்ளே தட்டை வைத்து, மேலே ஒரு பலகையில் குரோட்டன் செடி. மறைத்து வைத்தது தெரியாமல், வந்தவர்கள் செடியைப் பாராட்டினார்கள். சிவபாதசுந்தரம் அதோடு நிற்கவில்லை. "செடி வாடிப் போச்சுது பிள்ளை" என்று சொல்லி, மேசையிலிருந்த தண்ணீர்க் கிளாஸைத் தூக்கி அப்படியே ஊற்றிவிட்டார். சாடி தும்மியது. கொன்ஸ்ரன்ஸ் அடுத்தடுத்து நான்கு தும்மல் தும்மினார். "நல்ல தடிமன்தான். ஆவி பிடியுங்கோ" என்றுவிட்டு அவர் போனார்.

மண் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் அக்கா எவ்லின், அரித்த மண்ணையும் மரக்காலையில் வாங்கிய மரத்தூளையும் கலந்து, சம்பா அரிசிப் பையில் கட்டி அனுப்புவார். வாசல் காவலாளி பியசேன ஒவ்வொரு முறையும் பையை லிஃப்ட் வரை தூக்கி வந்து, மேலும் கீழும் பார்ப்பார். அவருடைய சிங்களத் தமிழில் அரிசி என்றால் ஹால்.

"மிஸ் தனிய இருக்கிறது. ஆனா ஹால் நல்லா சாப்பிடுறது, நே?"

"எங்க ஆக்கள் மூணு வேளையும் சோறுதான் பியசேன."

வாசனைக்குச் சாம்பிராணி போட்டார். அதுவும் வெள்ளிக்கிழமைகளில் தாராளமாக. லிஃப்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற பெண்கள், "கிறிஸ்தவம் எண்டாலும் வெள்ளிக்கிழமை தவறவிடமாட்டா" என்று பேசிக்கொண்டார்கள்.

பூச்சாடி தும்மிய அன்று கொன்ஸ்ரன்ஸ் உட்கார்ந்து யோசித்தார். முப்பது வருடமாகச் சரக்குப் பெட்டிகளோடு வாழ்ந்தவர். சோதனைக்கு வருகிறவர்கள் அடியில், மூலையில், இருட்டில் தேடுவார்கள். கண்ணுக்கு முன்னால், மரியாதையான பெயர் ஒட்டிய பெட்டியை யாரும் திறப்பதில்லை. அது மார்கழி மாதம். நத்தார், அதாவது கிறிஸ்மஸ், இன்னும் மூன்று கிழமையில்.

தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரைப் பிடித்து ஒரு பலகைப் பெட்டி செய்வித்தார். அதன்மேல் மண்ணிறத் தாளைக் கசக்கி ஒட்டி மலை எழுப்பினார். மலையின் முன்பக்கம் வைக்கோல் வேய்ந்த தொழுவம், அதில் பாலன், மாதா, சூசையப்பர், இடையர்கள், ஒரு காது உடைந்த ஒட்டகம். மலையின் வயிற்றுக்குள் மண் தட்டு. பின்னால், சுவரோரமாக, கஸ்டம்ஸுக்கு மட்டும் தெரிந்த வாசல். கூடத்தின் நடுச்சுவரில் பாலன்குடில் எழுந்தருளியது.

அவருக்குக் குற்ற உணர்வு இருந்ததா? இருந்ததாம். அரை நாள். "மாட்டுத் தொழுவத்தில பிறந்த பிள்ளை. அங்க இதைவிட நல்ல வாசமா இருந்திருக்கும்?" என்று தனக்குத்தானே கேட்டு முடிவுக்கு வந்துவிட்டார். எந்த மறைக்கல்வி வகுப்பிலும் இவ்வளவு நேர்மையான ஒரு வரியை நான் கேட்டதில்லை.

தை மாதம் முதல் ஞாயிறு சிவபாதசுந்தரம் வந்து, செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டு, குடிலுக்கு முன்னால் கைகட்டி நின்றார். அந்தப் பக்கத்தை அவர் போனில் படம்கூட எடுக்கவில்லை. மாசி மாதம் வந்தபோதும் குடில் அங்கேயே இருந்தது.

"எங்கட பக்கம் பாஷையூரில உதைத் தையிலயே எடுத்துப்போடுவினமே, தங்கச்சி?"

"அது யாழ்ப்பாண மறைமாவட்டம் சேர். இது கொழும்பு உயர் மறைமாவட்டம்."

"உயர்?"

"ஓம் சேர். ஹெட் ஒஃபிஸ் மாதிரி."

தலைமை அலுவலகம் என்று சொன்ன பிறகு ஒரு வங்கி முகாமையாளர் வேறு என்ன கேட்பார்? தலையை ஆட்டினார். பங்குனியில் தவக்காலம், துக்கத்தில் இருக்கும்போது வீட்டில் ஒன்றையும் அசைக்கக் கூடாது என்றார் கொன்ஸ்ரன்ஸ். சித்திரையில் உயிர்ப்பு. வைகாசி மாதாவின் மாதம். தாயின் மாதத்தில் பிள்ளையைத் தூக்கி அட்டைப் பெட்டிக்குள் போடலாமா? ஆனியில் அந்தோனியார் திருநாள். அவர் கையிலேயே பாலன் இருக்கிறாரே. ஆடியில் அன்னம்மாள் திருநாள்.

"அவ ஆர்?"

"மாதாவின்ட அம்மா சேர். பேரப்பிள்ளையப் பார்க்க வருவா. வரும்போது வீடு இல்லாட்டி?"

"ஓமோம், அது சரிவராது" என்றார் சிவபாதசுந்தரம்.

நாம் நம் கடவுளைக் கேள்வி கேட்பதில்லை என்பது பழைய நோய். அடுத்தவர் கடவுளையும் கேட்கப் பயப்படுவது கொழும்பில் மட்டும் வளர்ந்த நோய். அந்தக் கடவுளின் பிள்ளைகளுக்கு வீடு தரமாட்டோம்; ஆனால் அந்தக் கடவுளுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிடுவோம்.

இந்தக் கதை கோணலானது பங்குனியில்தான். சிவபாதசுந்தரத்தின் மகள் சிவானி கனடாவில். பார்க்கப் போக இரண்டு தடவை விசாவுக்குப் போட்டு இரண்டும் மறுக்கப்பட்டிருந்தன. பங்குனி ஞாயிறு அவர் சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து, குடிலின் ஓரத்தில், அதாவது மண் தட்டிலிருந்து சரியாக ஆறு அங்குலம் தள்ளி வைத்து, கண்ணை மூடி ஏதோ சொன்னார். சித்திரை முடிவதற்குள் விசா வந்துவிட்டது.

வந்ததற்குக் காரணம், இந்தத் தடவை விண்ணப்பத்தை அவருடைய தங்கை மகன் கிஷாந்த் நிரப்பியதுதான். வீட்டு உறுதிப் பத்திரத்தையும் ஓய்வூதியக் கடிதத்தையும் ஒழுங்காக இணைத்திருந்தான். முதல் இரண்டு தடவையும் சிவபாதசுந்தரம் தானே நிரப்பினார். திரும்பி வருவீர்களா என்ற கேள்விக்கு "கடவுள் விட்ட வழி" என்று எழுதியிருந்தார். விசா கொடுக்கிறவர்கள் பத்திரத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். தொழுவத்தைப் பார்த்து அல்ல. ஆனால் இதை வெள்ளவத்தையில் யாரிடம் சொல்வது? பாலன் விசா கொடுத்த செய்தி கடற்கரையில் அவரோடு நடக்கிறவர்களுக்குத் தெரிந்தது. கோயில் வரிசைக்குத் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மூன்று பெண்கள் பாஸ்போட்டோடு கதவைத் தட்டினார்கள். அதற்கடுத்த வெள்ளி ஒன்பது பேர். ஆனி மாதம் முப்பது. "விசாப் பாலன்" என்று பெயரும் விழுந்துவிட்டது.

கொட்டாஞ்சேனைக்காரி இப்போது "கொன்ஸ்ரன்ஸ் அக்கா". லிஃப்டில் அவருக்கு இடம் விட்டார்கள். மல்லிகை மாலை வந்தது, வாழைப்பழச் சீப்பு வந்தது, பித்தளை விளக்கு வந்தது. கடதாசி மலைக்குப் பக்கத்தில் நெருப்பு வேண்டாம் என்று விளக்கைப் பறித்து வைப்பதே பெரும்பாடு. ஒருவர் ஒட்டகத்தின் கழுத்தில் பாஸ்போட் நகலைத் தொங்கவிட்டார். இன்னொருவர் குடிலின் ஓரத்தில் சிந்தியிருந்த மண்ணைக் கிள்ளி நெற்றியில் பூசிக்கொண்டார். அது பையிலிருந்து கொட்டும்போது சிந்திய புது மண்தான் என்று கொன்ஸ்ரன்ஸ் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நம்புவோம். நம்பாமல் என்ன செய்வது.

ஆடி மாதம் எவ்லின் மண் பையோடு தானே வந்தார். கூடத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"எடியே கொன்னி! ஆடி மாசத்தில பாலன்குடிலா? உனக்குப் பைத்தியமா?"

"மெதுவாக் கதை அக்கா. உள்ளுக்குத்தான் கஸ்டம்ஸின்ட தட்டு இருக்கு."

எவ்லின் மலையைச் சுற்றிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஃபாதர் அறிஞ்சா என்ன செய்வ?"

"அவருக்கு எங்க போக விசா வேணுமெண்டு கேப்பன்."

இரண்டு பேரும் சமையலறைக்குள் ஓடிப்போய், சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் எவ்லின் கண்ணைத் துடைத்தபடி கேட்டார்: "எல்லாம் சரி. இவ்வளவு சனம் இருக்கும்போது பூனை எப்படியடி போகும்?"

அதுதான் கொன்ஸ்ரன்ஸையும் சில நாட்களாக அரித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் என்றிருந்தது இப்போது எல்லா மாலையும் ஆகிவிட்டது. நேர்முகத்துக்குப் போகிறவர்கள் காலையிலும் வந்தார்கள். குளியலறையில் இரண்டாவது தட்டு வைக்கலாம் என்றால், பக்தர்கள் அங்கேதான் கால் கழுவினார்கள். கஸ்டம்ஸ் அலுமாரிக்கு மேல் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு கிடந்தது. குடிலை எடுத்துவிடுகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சிவபாதசுந்தரம் பதறிவிட்டார். "கையை வச்சிடாதேங்கோ! இன்னும் ஒன்பது பேருக்கு இன்டர்வியூ கிடக்கு."

ஒரு புதன்கிழமை வேலையால் வந்தபோது கடுவன் சமையலறைத் தரையில் குந்தி, முனகி, ஒரு துளிகூடப் போகாமல் தவித்துக்கொண்டிருந்தது. அடிவயிறு கல்லாக இருந்தது. கொன்ஸ்ரன்ஸ் அதைத் துவாயில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்து, படியால் ஓடி இறங்கினார். கேட்டில் பியசேன பையைப் பார்த்தார். பை கத்தியது. அவர் ஒன்றும் கேட்காமல் ரோட்டில் இறங்கி ஒரு த்ரீவீலரை மறித்தார்.

"பயப்பட வேணாம் மிஸ். பூனைக்கு ஒண்ணும் ஆகாது."

"உனக்குத் தெரியுமா?"

"ஹால் பேக்கில வாறது, குப்பை பேக்கில போறது. பத்து மாசமா நான்தானே தூக்குறது."

மிருக வைத்தியர் ஷிஹான் குழாய் போட்டு அடைப்பை எடுத்தார். கஸ்டம்ஸ் பிழைத்தது. பிறகு அவர் பேனையை எடுத்துக்கொண்டு கேட்டார்.

"தட்டு எங்க வச்சிருக்கீங்க? அமைதியான இடமா?"

"வழமையா அமைதிதான் டொக்டர். பின்னேரத்தில கொஞ்சம் ஆக்கள் வருவாங்க."

"எத்தனை பேர்?"

"முப்பது."

வைத்தியர் பேனையை மேசையில் வைத்தார். "மிஸ், கடுவன் பூனைக்கு இது உயிர் போற விஷயம். அடக்கி அடக்கி இன்னொருக்கா அடைச்சா நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

இரண்டு நாள் கழித்துக் கஸ்டம்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கூடம் நிறைந்துவிட்டது. அகர்பத்திப் புகை, மல்லிகை, பாஸ்போட் உறைகளின் சரசரப்பு. முன்வரிசையில் சிவபாதசுந்தரமும் கிஷாந்தும். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கடுவன் கதவைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. கொன்ஸ்ரன்ஸுக்கு இரண்டு வழிகள்தான். வாயை மூடிக்கொண்டால் வீடு இருக்கும், பூனை இருக்காது. வாயைத் திறந்தால் பூனை இருக்கும்.

குடிலுக்கும் சனத்துக்கும் நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கோணும். இதுக்குள்ள கடவுள் இல்ல. என்ட பூனையின்ட மண் தட்டுத்தான் இருக்கு."

யாரோ சிரித்தார்கள். பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். கொன்ஸ்ரன்ஸ் பாலனைப் பத்திரமாக எடுத்து மேசையில் வைத்தார். மலையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். தட்டு வெளியே தெரிந்தது. பிறகு போய் அறைக் கதவைத் திறந்தார். கஸ்டம்ஸ் நேரே கால்களுக்கு நடுவால் நடந்து வந்து, தட்டில் ஏறி, மண்ணைக் கிளறி, வாலை நிமிர்த்தி, முப்பது பேர் பார்க்க, தாராளமாக, நீண்ட நேரம், மூத்திரம் பெய்தது. கொன்ஸ்ரன்ஸ் சந்தோசத்தில் விம்மி அழுதார். அறையில் மூக்கைப் பொத்தாமல் நின்றது அவர் ஒருவர்தான்.

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள்.

"அப்ப என்ர பாஸ்போட்டை எடுக்கிறதோ விடுறதோ?" என்றார் ஒரு அம்மா.

"பூனை எண்டால் என்ன, சேருக்கு விசா வந்ததுதானே?" என்றார் இன்னொருவர்.

"ஐயோ அன்ரி, அது நான் ஃபோர்ம் நிரப்பினதால வந்தது!" என்று கிஷாந்த் கத்தினான்.

அந்த அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். "உன்னை ஆர் நிரப்ப வச்சது?"

தட்டையே தூக்கிக் காட்டிய பிறகும் ஒருவருக்கு நம்பிக்கை போகவில்லை என்றால், அறிவை எந்த வாசலால் உள்ளே அனுப்புவது? அன்றைக்குக் கலைந்து போனவர்களில் இரண்டு பேர், போகும்போது, கஸ்டம்ஸைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சிவபாதசுந்தரம் எழுந்து போனார். திங்கட்கிழமை கதவின் கீழால் நோட்டீஸ் வந்தது. கட்டட விதி பதினான்கை மீறியதால் ஒரு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கொன்ஸ்ரன்ஸ் அழவில்லை, கெஞ்சவில்லை. பத்திரம் வாசிப்பது அவருடைய தொழில். விதித்தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, வாசித்து, பென்சிலால் கோடு போட்டார். "வாடகைக்கு இருப்போர் வீட்டில் எவ்வித பிராணியும் வளர்த்தலாகாது." சொந்தக்காரர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தாளைப் புரட்டினார். வாடகைக்கு இருப்போர் மொட்டை மாடியில் உடுப்புக் காயவிடலாகாது. வாடகைக்கு இருப்போரின் விருந்தினர் லிஃப்டைப் பயன்படுத்தலாகாது. ஒரு கட்டடத்துக்குள் இரண்டு சாதி.

அடுத்த ஞாயிறு கீழே வாகனத் தரிப்பிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டுச் சங்கக் கூட்டம். கொன்ஸ்ரன்ஸ் போய்ப் பின்னால் நின்றார்.

"வாடகைக்கு இருக்கிற ஆக்கள் இதில கதைக்க ஏலாது, தங்கச்சி" என்றார் சிவபாதசுந்தரம். அவர் மடியில் பிரின்ஸ்.

"கதைக்க வரல சேர். ஒரு கேள்வி மட்டும். லிஃப்ட் மூலையில ஒவ்வொரு நாளும் மூத்திரம் பெய்யிறது என்ட பூனையா, உங்கட நாயா?"

தினமும் அதைக் கழுவுகிற பியசேன தலையைக் குனிந்து, வாளியைக் காலால் மெல்ல நகர்த்தினார். அது சீமெந்துத் தரையில் கீச்சிட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"நான் சலுகை கேக்கல" என்றார் கொன்ஸ்ரன்ஸ். "'வாடகைக்கு இருப்போர்' எண்ட சொல்லை வெட்டுங்க. வெட்டினா, நீங்களும் நாயை வளர்க்க ஏலாது, நானும் பூனையை வளர்க்க ஏலாது. சரிசமம். அது கஷ்டமெண்டா, விதியையே வெட்டுங்க. ரெண்டும் எனக்குச் சம்மதம்."

சிவபாதசுந்தரம் பிரின்ஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இப்போது இரண்டு வழிகளும் அடைபட்டிருந்தன. நாய் வைத்திருந்த இன்னும் மூன்று சொந்தக்காரர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். நீண்ட நேர முணுமுணுப்புக்குப் பிறகு, விதி பதினான்கை நீக்குவது என்று ஒரு தாள் எழுதினார்கள். அங்கேயே ஆறு பேர் கையெழுத்து வைத்தார்கள். தலைவர் வைக்கவில்லை. "கனடாவால திரும்பி வந்து பாப்பம்" என்றார். அவர் திரும்புவது மூன்று மாதம் கழித்து. நோட்டீஸ் முடிவது இந்த மாதக் கடைசியில்.

இப்போது அந்த வீட்டில் மண் தட்டு பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில், எந்தச் சோடனையும் இல்லாமல், பகிரங்கமாக இருக்கிறது. ஒரு கட்டடத்தில் வாடகைக்காரி ஒருத்தியின் பூனைத் தட்டு ஒளியாமல் இருப்பதற்கு இருபத்து நான்கு சொந்தக்காரர்களில் பதின்மூன்று பேரின் கையெழுத்து தேவை. இன்னும் ஏழு. கூட்டத்துக்கு வராத பதின்மூன்று பேர் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் பெயரால் இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

சமுத்திரா கோர்ட்டில் உங்களுக்கு வீடு இருந்தால், அந்தத் தாள் உங்கள் வாட்ஸப்பில் வந்திருக்கும். இன்றைக்கே கையெழுத்திட்டு அனுப்புங்கள். வேறு எங்கேயாவது இருந்தால், உங்கள் கட்டடத்தின் விதித்தாளை மேசை லாச்சிக்குள்ளிருந்து எடுத்து, "வாடகைக்கு இருப்போர்" என்று தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். உங்களைக் கட்டுப்படுத்தாத எந்த வரியும் அவர்களையும் கட்டுப்படுத்தக் கூடாது என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லி, கையைத் தூக்குங்கள். கொன்ஸ்ரன்ஸுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.